சிவந்தால் வருகிறேன்

மார்கழி மாசத்தில் இருபத்து மூன்று நாள், தினமும் ஒரு செடியைச் சாயங்காலம் ஐஸ் கம்பெனியில் கொண்டுபோய் விட்டேன், காலையில் போய்த் திரும்ப எடுத்து வந்தேன். கடலூர் முதுநகரில் இப்படி ஒரு வேலையை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். "சாயிரா செடிய டியூஷனுக்கு அனுப்புறா" என்று எதிர்வீட்டுக்காரி சொல்ல, தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பதில் சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

என் வீட்டுக்காரர் ரஃபீக் ஜப்பானில் இருக்கிறார். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், அங்கே ஓர் இந்தியச் சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. ஒன்பது வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாசம் வருவார், பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் கிளம்பிவிடுவார். ஒரே மகள் அஸ்மத் சிதம்பரத்தில் விவசாயம் படிக்கிறாள், ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் நானும் மாமாவும்தான். மாமா என்றால் ரஃபீக்கின் அத்தா, என் மாமனார். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. பேச்சும் பாதிதான் வரும்.

அவரைத் தூக்கி உட்கார வைக்க, கழுவிவிட, துணி மாற்ற, சோறு ஊட்ட, முதுகில் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்க, எல்லாம் நான்தான். ஆள் வைத்தும் பார்த்தோம். மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். மாமா நல்ல மனிதர், ஒரு நாளும் சிடுசிடுத்ததில்லை. அது வேறு விஷயம். நான் காலையில் எழுந்திருக்கும்போதே அசதியோடுதான் எழுந்திருக்கிறேன். தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை இது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ரஃபீக் மாமாவின் போனுக்குக் கூப்பிடுவார். நான் போனை மாமாவின் காதோரம் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விடுவேன். அத்தாவும் மகனும் ஏதோ பேசுவார்கள். அந்த அரை மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. என்ன பேசுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெளிநாட்டுக்காரர் வீடுகளில் விசா, டிக்கெட் சமாச்சாரமெல்லாம் ஆண்கள் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டுத்தான் பெண்களிடம் தேதியைச் சொல்வார்கள். எங்கள் வீடும் அப்படித்தான்.

செடிக்கு வருகிறேன். அஸ்மத் முதல் வருஷம் காலேஜில் ஊட்டிக்கு டூர் போனபோது வாங்கி வந்தது. மேப்பிள் என்று பெயர். உள்ளங்கை அகலத்தில், ஐந்து விரல் விரித்த மாதிரி இலை. பூவுக்கோ காய்க்கோ வளர்க்கிற மரம் இல்லை, இலைக்காக மட்டுமே வளர்ப்பார்களாம். குளிர் தொடங்கினால் இலையெல்லாம் சிவந்து, பிறகு மொத்தமாக உதிர்ந்துவிடும். "அத்தா அனுப்புற வீடியோல வருதே, அதே மரம்தாம்மா" என்று கொண்டுவந்து வைத்தாள். ஐப்பசி, கார்த்திகையில் ரஃபீக் வீடியோ அனுப்புவார். மலை முழுக்கச் சிவப்பாக இருக்கும். பார்த்துப் பார்த்து எனக்கு அந்த மலை மேல் பொறாமையே வந்துவிட்டது.

அந்த மரம் இங்கே சிவக்கவில்லை. சித்திரை வெயிலில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. குழாய்த் தண்ணீர் உப்பு, அதில் இன்னும் கருகியது. மாமாவுக்கு வாங்குகிற கேன் தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினேன். ஒரு இலை கருகினால் இரண்டு தளிர் விடும், அவையும் கருகும். மூன்று வருஷமாக நிறுத்தாமல் இதே கதை. அஸ்மத் அவள் வாத்தியாரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"இதுக்குக் குளிர்காலம் வேணுமாம், அம்மா. அப்பத்தான் இலைய உதுத்துட்டுத் தூங்குமாம். நம்ம ஊர்ல அதுக்குத் தூக்கமே இல்ல. இப்பிடியே தளிர்விட்டுத் தளிர்விட்டுக் களைச்சுப் போயி செத்துடும்னு சார் சொல்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அதனால் அவள் கவனிக்கவில்லை.

ரஃபீக்கின் வேலை ஒப்பந்தம் இந்த ஜனவரியோடு முடிகிறது. கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம். போடாவிட்டால் வீடு. நவம்பரில் ஒரு நாள் போனில் நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"போதும் மச்சான், வந்துடுங்க. எனக்கு முடியல."

"அங்க வந்து என்னா பண்றது சாயிரா? உப்பனாத்துச் சேத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரச் சொல்றியா?" என்றவர், போனைத் திருப்பிச் சிவந்த மலையைக் காட்டினார். "ஒன் மவ ஒரு செடி வச்சிருக்கால்ல, அது நம்ம வீட்டுல இந்த மாதிரி செவக்கட்டும், அன்னிக்கே வந்துடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமெல்லாம் எதுக்கு? சொன்னா சொன்னதுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆனால் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை.

அஸ்மத்திடம் வழி கேட்டேன். பகலில் நல்ல வெயிலும் ராத்திரியில் நல்ல குளிரும் மாறி மாறிப் பட்டால் பச்சை போய்ச் சிவப்பு வரலாம் என்றாள். வெயில் எங்கள் மொட்டை மாடியிலேயே இருக்கிறது. குளிருக்கு அபுல் ஹசன் அண்ணன் இருக்கிறார், என் பெரியம்மா மகன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறார். படகில் வருகிற மீன் லாரி ஏறும்வரை கெடாமல் இருக்க அங்கே ஒரு கூலிங் ரூம் உண்டு. நாலு டிகிரி. அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மச்சான வர வைக்க ஊர்ல தாயத்துக் கட்டுவாங்க, நேர்ச்ச செய்வாங்க. நீ ஐஸ் கம்பெனிக்கு வந்துருக்க" என்றார். ஆனால் முடியாது என்று சொல்லவில்லை.

அப்படித்தான் தொடங்கியது. மண் தொட்டி கனக்கிறது என்று செடியைப் பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினேன். பஜ்ர் தொழுதுவிட்டு மாமாவைக் கழுவித் துணி மாற்றி டீ கொடுப்பேன். பிறகு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், வாளியைக் கால் நடுவில் வைத்துக்கொண்டு திரும்புவேன். மாடிக்கு இருபத்தோரு படி. சாயங்காலம் மக்ரிபுக்கு முன்னால் அதே படியில் இறக்கி, அதே வாளியை அதே ஸ்கூட்டியில் கொண்டுபோவேன். நாலாம் நாளிலிருந்து செடியில் மீன் கவிச்சி வந்துவிட்டது. மாடியில் இரண்டு பூனைகள் அதையே சுற்றிச் சுற்றி வந்தன.

கூலிங் ரூம் சாவி காத்தவராயனிடம் இருக்கும். ஐஸ் பார் அடிக்கிற மனிதர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். "நாங்க கவளையும் சூரையும் வைக்கிற எடத்துல செடிய வைக்கிறீங்களேம்மா" என்று முதல் வாரம் முழுக்க முணுமுணுத்தார். இரண்டாம் வாரத்தில் மீன் பெட்டி இடிக்காமல் இருக்க அவரே செடியைச் சுற்றிச் சாக்குக் கட்டி வைத்திருந்தார்.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் வாளியை உள்ளே வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன். சத்தமில்லை, யாரும் கூப்பிடவில்லை. அப்படியே தூங்கிவிட்டேன். காத்தவராயன் வந்து எழுப்பினார்.

"யம்மா, மீனு ரூம்ல தூங்குறீங்களே, வெறச்சுப் போயிடுவீங்க. வூட்ல தூங்கக் கூடாதா?"

வீட்டில் எங்கே தூங்குவது என்று அவரிடம் சொல்லவில்லை. கால் மரத்துப் போயிருந்தது. நாலு வருஷத்தில் அவ்வளவு நல்ல தூக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் நுனி இலைகளில் ஒரு பழுப்புத் தெரிந்தது. கருகல் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாள் அது செம்பழுப்பு. இருபத்து மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காத்தவராயன் கதவைத் திறந்து சாக்கை விலக்கினார். அத்தனை இலையும் சிவந்திருந்தது, மருதாணி நன்றாகப் பிடித்த கை மாதிரி.

"யம்மாடி" என்றார் காத்தவராயன். நான் அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

அன்று மாடிக்குக் கொண்டுபோகவில்லை. நேரே மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வாளியை வைத்தேன். அவரும் பார்க்கட்டும், அவர் மகன் வரப்போகிறான் அல்லவா. தலையணையை உயர்த்தி அவரைச் சாய்த்து உட்கார வைத்துவிட்டு ரஃபீக்குக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே கடை திறக்கிற நேரம். தலையில் துணி கட்டி, கையெல்லாம் மாவாக வந்தார்.

"என்னா சாயிரா, காலங்காத்தால?"

நான் போனைச் செடி பக்கம் திருப்பினேன்.

"அட! அல்லாவே! செவந்துருச்சு!" என்று கத்தினார். பின்னால் யாரையோ கூப்பிட்டுக் காட்டினார். "எப்பிடிப் பண்ணுன? நம்ம கடலூர்லயா? நம்பவே முடியல போ!"

"இப்ப வாங்க மச்சான்" என்றேன். "சொன்னா சொன்னதுதான்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது.

"சாயிரா, நான் போன மாசமே கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு வருஷத்துக்கு. ஒனக்குத் தெரியாதா? அத்தா சொல்லலையா?"

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அத்தாதான போடச் சொன்னாரு. நான் வந்துடவான்னுதான் கேட்டேன். வராத, இங்க எல்லாம் சரியா நடக்குது, நீ போட்டுடுன்னாரு. நீங்க ரெண்டு பேரும் பேசித்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

போனைத் துண்டித்தேன். மாமா இடது பக்கமாக, சுவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போய் அவர் முகத்துக்கு நேராக நின்றேன். மாரடித்து அழுதிருக்கலாம், எதையாவது தூக்கிப் போட்டு உடைத்திருக்கலாம். எதற்கும் என்னிடம் பலமில்லை.

"ஏன் மாமா?"

வாய் கோணியது. எச்சில் வழிந்தது. கை தானாகப் போய்த் துடைத்தது.

"அவன்... வந்தா... அவன்தான்... என்னைக் கழுவணும்" என்றார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "பெத்த மவன்... கையால... வேணாம். வெக்கமா... இருக்கு."

"என் கையால?"

"நீன்னா... பழகிருச்சு."

நாலு வருஷமாக நான் சொல்லாத ஒன்று அப்போது வெளியே வந்தது. குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு வெக்கமா இருக்காதா மாமா? மொத நாளு கொல்லையில போயி வாந்தி எடுத்தேன். ஒரு மாசம் கண்ண மூடிக்கிட்டுத்தான் ஒங்க துணிய மாத்துனேன். ஒங்க மூஞ்சப் பாத்து சலாம் சொல்லவே எனக்குக் கூசும். எனக்கு எதுவும் பழகல மாமா. செய்யிறேன், அவ்வளவுதான்."

மாமா அழுதார். இடது கண்ணில் மட்டும்தான் தண்ணீர் வரும் அவருக்கு. நான் துடைக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தெருவில் மீன்காரி கூவிக்கொண்டு போனாள். ரஃபீக் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மாமாவின் இடது கை என் முழங்கையைத் தொட்டது. "போனை..." என்றார். "எடு."

அடுத்த முறை அடித்தபோது எடுத்து, அவர் வாயோரம் பிடித்தேன்.

"சாயிரா? சாயிரா, நான் சொல்றதக் கேளு" என்றது ரஃபீக்கின் குரல்.

"நாந்தான்" என்றார் மாமா.

"அத்தா?"

மாமா மூச்சை இழுத்துக்கொண்டார். நாலு வருஷத்தில் அவர் திக்காமல் எதையும் பேசிக் கேட்டதில்லை நான். அன்றைக்குத் திக்காமல் சொன்னார்.

"வா. வந்து என்னைக் கழுவு."