மூன்றாம் அறையில் பழவேற்காடு ஏரி

புதுவாயல் அருங்காட்சியகத்தின் மூன்றாம் அறையில் பழவேற்காடு ஏரி தினமும் இரண்டு வேளை ஏறி இறங்கியது. இரண்டு கட்டிலைச் சேர்த்துப் போட்ட அகலத்தில் ஃபைபரால் செய்து, கண்ணாடி போட்டு மூடிய மாதிரி ஏரி அது. மேலே நீலப் பெயின்ட். திறப்பு விழா முடிந்த வாரமே பெயின்ட் தண்ணீராகிவிட்டது. பழவேற்காட்டில் கடல் உள்ளே வரும்போது இங்கேயும் வந்தது, அங்கே வடியும்போது இங்கேயும் வடிந்தது. ஒப்பந்தக்காரரை போனில் பிடித்துக் கேட்டார்கள். பெயின்ட்டுக்கு உத்தரவாதம் உண்டு, தண்ணீருக்குக் கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து இரும்புக் கம்பெனி ஒன்று ஊருக்கு நல்லது செய்தாக வேண்டிய கட்டாயத்தில் கட்டிக்கொடுத்த அருங்காட்சியகம் அது. அதைப் பார்த்துக்கொள்ள கம்பெனி அம்புஜவல்லி என்பவரை வைத்திருந்தது. திருவள்ளூரில் பெருமாள் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். அவருக்கு வரலாறு என்றால் சோறு தண்ணி வேண்டாம். நல்ல மனுஷிதான், அதனால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு மியூசியம் என்றால் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து, வரிசையில் நின்று, புளிசாதம் சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம். முதல் அறையில் கற்கோடரி, இரண்டாம் அறையில் உடைந்த பானை; அதுவரைக்கும் கொட்டாவி. மூன்றாம் அறைக்கு வந்த பிள்ளைகளைக் கிளப்புவதுதான் வாத்தியார்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் விரல் நீளத்தில் டச்சுக் கப்பல் ஒன்று வந்து நங்கூரம் போடும். முதலில் துணி மூட்டைகளை ஏற்றுவார்கள். கடைசியில் கை கட்டப்பட்ட ஆட்களை ஏற்றுவார்கள். டச்சுக்காரன் எந்த ஆண்டு வந்தான் என்று எத்தனை முறை படித்தும் மண்டையில் ஏறாத கடம்பத்தூர்ப் பிள்ளைகள், அந்த ஆட்களை எங்கே கொண்டுபோனார்கள், யாராவது திரும்பி வந்தார்களா என்று அம்புஜவல்லியைத் துளைத்து எடுத்தார்கள். அன்றைக்குப் புளிசாதம் அப்படியே இருந்தது.

ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்பு வினோதா கேட்டது வேறு. இந்த ஏரியில் எங்கள் ஆட்கள் எங்கே என்று கேட்டாள். அம்புஜவல்லி மகிழ்ந்துபோய், உங்கள் அப்பாவை அழைத்து வா, அவரே காட்டட்டும் என்றார். சுலபமான காரியம் அல்ல. ஏரியில் எந்த இடத்தில் எவர் என்றைக்கு வலை கட்டுவது என்று கோயில் முன்னால் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வதையும், அப்படிக் கிடைக்கிற இடத்தையும் குப்பத்தார் பாடு என்பார்கள். ஒரு பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்குத் தண்ணீரில் எந்த அடையாளமும் இல்லை. கரையில் இருக்கிற பனைமரத்தையும் கோயில் உச்சியையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அதை வெளியாளுக்குக் காட்டமாட்டார்கள், வெளியூர் மருமகனுக்குக்கூட. வினோதாவின் அப்பா குப்பனும் முதலில் முடியாது என்றுதான் சொன்னார். அவள் விடவில்லை. "பசங்க படிக்கத்தான் நைனா. நம்மளயும்தான் தெரிஞ்சிக்கட்டுமே" என்று கெஞ்சினாள். மகளுக்காக வந்தார். வந்தவர் கண்ணாடியைத் தொடாமல் நின்றுகொண்டு, "பசங்களுக்கு மட்டுந்தான மேடம்? வேற யாருக்கும் போவக்கூடாது" என்றார். அம்புஜவல்லி, "எங்க பெருமாள் சாட்சியா சொல்றேன், பிள்ளைகளுக்கு மட்டும்தான்" என்றார். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்க, குப்பன் ஈர்க்குச்சிகளை ஒடித்து அந்தத் தண்ணீரில் நட்டார். முகத்துவாரத்தை ஒட்டி, எந்தக் கோடையிலும் வற்றாத ஆழத்தில் இருந்த பெரிய பாட்டையும் காட்டினார். ரவை அளவு இறால்கள் அங்கே துள்ளின. அதன்பிறகு வந்த பிள்ளைகள் தாங்களே சீட்டுக் குலுக்கி, பாடு பிரித்து, சண்டை போட்டு, சமாதானமும் ஆனார்கள்.

இரும்புக் கம்பெனிக்கு ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய படகு வருஷக்கணக்காகச் சுற்றியும் வற்றாத ஆழம் அகப்படவில்லை. வெங்கடேசன் என்ற இன்ஜினியர் ஒரு நாள் தண்ணீர் வடிகிற நேரமாகப் பார்த்து மூன்றாம் அறைக்கு வந்தார். அம்புஜவல்லியே குச்சியை எடுத்துப் பெரிய பாட்டைக் காட்டினார். அடுத்த கோடையில் சரியாக அந்த இடத்தில் தூண் இறங்கியது, குழாய் வந்தது, இறால் போனது. வினோதா பஸ் பிடித்துப் போய், இப்படிச் செய்யலாமா என்று கேட்டாள். அம்புஜவல்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "மியூசியம்னா எல்லாருக்கும் பொதுதானேம்மா. நான் யாரை வராதேன்னு சொல்ல முடியும்?" என்றார். கேட்டால் நியாயம் மாதிரியே இருக்கிறது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த வருஷத்துக் குலுக்கலில் குப்பனுக்குச் சீட்டு எழுதவில்லை. பாடு இல்லாத ஆள் குப்பத்தில் ஆளே இல்லை. என்ன செய்வேன் என்று கேட்டவரிடம் நாட்டாமை ஆதிகேசவன், "எங்க காட்டிக் குடுத்தியோ அங்கயே போய் வல கட்டிக்கோ" என்றார். குப்பன் வீட்டுக்கு வந்து மகளிடம், "படிக்கத்தான்னு சொன்ன" என்றார். அதற்குப்பின் அவளிடம் பேசவில்லை. மறுநாள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு புதுவாயல் போனார், கண்ணாடியைத் தூக்கினார், ஏரியில் கால் வைத்தார். வைக்கும்போதே அந்த ஏரிக்கு ஏற்ற அளவுக்கு வந்துவிட்டார். விரல் நகத்தின் உயரம் இருப்பார். முதலில் கொஞ்ச காலம் சாயங்காலம் கூடையோடு வெளியே வந்தார். வாசலைத் தாண்டியதும் அவரோடு இறாலும் நிஜ அளவுக்கு வந்துவிடும். அவர் மனைவி சம்பூர்ணம் அதைக் கூட்டுரோட்டில் கம்பெனி ஆட்களுக்கு விற்றாள், ருசியில் யாரும் குறை சொல்லவில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் வெளியே வருவதை விட்டுவிட்டார். சம்பூர்ணம் கண்ணாடி இடுக்கு வழியாக ஒரு பருக்கை சோறு வைத்துவிட்டு வருவாள், அதுவே அவருக்கு மிச்சமாகிவிடும். மீனவர் பாரம்பரியத்தை எப்படிக் காப்பாற்றுகிறோம் பாருங்கள் என்று கம்பெனி அவர் படத்தைத் தன் காலண்டரில் போட்டது.

வினோதா இப்போது ப்ளஸ் டூ. சனிக்கிழமைகளில் அங்கே மாணவ வழிகாட்டி, கழுத்தில் அட்டை. அம்புஜவல்லி கொடுத்த வேலைதான். அந்த முகத்தில் முழிக்கக்கூடாது என்றுதான் இருந்தாள்; அப்பனைப் பார்க்க வேறு வழி இல்லை. போன மாதம் கவரைப்பேட்டைப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், "அக்கா, அவரு ஏன் தல குனிஞ்சிக்கினே கீறாரு?" என்று கேட்டாள்.

"நான் எதிர்ல நிக்கசொல்ல அப்டித்தான் இருப்பாரு. நீங்க பாருங்க" என்று வினோதா சொல்லிவிட்டு, அறைக்கு வெளியே போய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். உள்ளே குப்பன் நிமிர்ந்தார். கையை நீட்டி, பாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டினார்.