புதிதாய் மாட்டிய சென்சார்

செத்தவன் வண்டி சந்தையில் பாதி விலைக்குத்தான் போகும். வண்டிக்குள்ளேயே செத்தவன் என்றால் வாங்க வந்தவன் கையைப் பின்னால் கட்டிக்கொள்வான். கார் வாங்கி விற்றே தலை நரைத்த தரகருக்கு இது தெரியாததல்ல. ஆனால் இந்த வண்டி சொந்த அக்காள் புருஷனுடையது.

போன மாதம் மழை கொட்டிய ஒரு காலையில், வண்டிக் கொட்டகையின் ஷட்டரை இறக்கிவிட்டு, இன்ஜின் ஓட ஓட உள்ளே உட்கார்ந்தபடியே அத்தான் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் சாயங்காலம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. ஊருக்கு வேறென்ன வேண்டும்? தற்கொலை என்று முடிவு கட்டிவிட்டது. "என் பிள்ளையை வாயாலேயே கொன்னுட்டா" என்று மாமியார் வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னாள். கொடுமை என்னவென்றால், அக்காளும் அதை நம்பிவிட்டாள். தட்டில் சோற்றைப் போட்டால் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். ஆள் பாதியாகிவிட்டாள்.

விற்குமுன் ஒரு பார்வை பார்க்கட்டும் என்று தரகர் வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். வாசம் பிடித்தே கோளாறு சொல்பவன், பட்டப்பெயர் மோப்பம். பானெட்டைத் திறந்து டார்ச்சை நீட்டியவன் அப்படியே நின்றான்.

"அண்ணே, இதை எந்தப் புண்ணியவான் மாட்டினான்?"

"எதைடா?"

"ஆக்ஸிஜன் சென்சாரை. புகைக்குழாய்ல மாட்டுறது. புத்தம் புதுசு. மரை கோணலா ஏறி பாதியிலயே நிக்குது. சுத்திப் பாருங்க, எவ்வளவு கரின்னு. புகையெல்லாம் இந்த ஓட்டை வழியா வந்து, ஏசி காத்தோட உள்ள போயிருக்கு."

தரகர் டிக்கியைத் திறந்தார். பழைய சென்சார், ஸ்பேனர், கிழிந்த அட்டைப்பெட்டி. போலீஸ்காரர்கள் அதைத் திறந்து பார்த்ததாகவே தெரியவில்லை.

"மழைக்காக ஷட்டரை இறக்கிட்டு மாட்டி, டேஷ்போர்டுல கோளாறு விளக்கு அணையுதான்னு வண்டியை ஓடவிட்டுப் பாத்திருக்காரு" என்றான் மோப்பம். "சாகப் போறவன் எவனாவது சென்சார் மாத்துவானா அண்ணே?"

தரகர் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு அக்காள் வீட்டுக்கு ஓடினார். இவ்வளவு நல்ல சரக்கோடு அவர் இதுவரை யார் வீட்டுப் படியும் ஏறியதில்லை. மாமியார் வாயை எந்தச் சொல்லால் அடைப்பது என்றுகூட வழியிலேயே யோசித்து வைத்துக்கொண்டார்.

அக்காள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத்தான் தானா சாகலை! அவரே சென்சார் மாத்தப் போயி கோணலா மாட்டிட்டாரு. புகை உள்ள வந்திருக்கு. அது விபத்துக்கா. சண்டைக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்ல."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அவரேவா மாட்டினாரு?"

"அவரேதான்."

"சண்டையே அதுக்குத்தான்டா."

தரகருக்குப் புரியவில்லை.

"மெக்கானிக்கிட்ட விடணும்னாரு. ஒரு திருகு திருகுறதுக்கு அவனுக்கு ஏன் அழணும், பக்கத்து வீட்டுக்காரர் தானே மாத்திக்கலையா, உங்களுக்கு மட்டும் கை என்ன பூசணிக்காயான்னு கேட்டேன்."

நொண்டிக் குதிரையையும் நிதான நடை என்று சொல்லி விற்கத் தெரிந்த வாய் தரகருடையது. அதைத் திறந்தார். "எல்லாப் பொம்பளையும் சொல்றதுதானேக்கா..." என்றதோடு அதுவும் நின்றுபோயிற்று.

"என்மேல கோவத்துல போயிட்டாருன்னு நெனச்சேன்" என்றாள் அக்காள். "கல்யாணமான நாள்லேருந்து நான் சொன்ன ஒரு பேச்சைக் கேட்டதில்லடா அந்த மனுஷன். இதைப் போய்க் கேட்டிருக்காரு."