குழாயை நகர்த்தச் சொன்னவர்கள்

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள், சலவைக்கடைக்குப் போகும் தண்ணீர்க் குழாயை வெட்டிவிட்டார்கள். புதுச் சாலைக்கு அடியில் குழாய் இருக்கக் கூடாதாம். ஓரமாக மாற்றிப் போட வேண்டும், செலவு கடைக்காரர்களுடையது என்றார் வேலையை மேற்பார்த்தவர்.

கடையை நடத்தியவளைத் தெருவே அக்கா என்றுதான் கூப்பிடும். அவளால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

“ரோட்டை அகலமாக்குறது நீங்க. அதுக்கு நான் ஏன் காசு கட்டணும்?”

“ரூல் அப்படிம்மா.”

“எந்த ரூலு? காட்டுங்க.”

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அவள் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். “கட்டித் தொலைச்சிருவோம். பக்கத்து சலூன்காரரே கட்டிட்டாரு.”

“இன்னைக்குக் குழாய்னுவாங்க, நாளைக்குக் கரண்டு கம்பம்னுவாங்க. எல்லாத்துக்கும் கட்டிக்கிட்டே இருப்பீங்களா?”

குடிநீர் அலுவலகத்தில் கேட்டாள். சாலை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் குடிநீர் அலுவலகத்தைக் கை காட்டினார்கள். கடையிலோ வாடிக்கையாகத் துவைக்கக் கொடுக்கும் ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன.

மறுநாள் காலை மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே சாலை அலுவலகத்துக்குப் போனாள். முற்றத்தில் செடிகளுக்கென்று ஒரு குழாய் இருந்தது. வாளியை அதன் கீழே வைத்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துவைக்க உட்கார்ந்தாள்.

காவலாளி சொல்லிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். பொறியாளர் இறங்கி வந்தார்.

“என்னம்மா இது? இது அரசாங்கத் தண்ணி.”

“நீங்க வெட்டி விட்டதும் அரசாங்கத் தண்ணிதான் சார்.”

“போலீசைக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. அழுக்குச் சட்டை இருந்தா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

ஜன்னல்களில் நின்ற குமாஸ்தாக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

மதியத்துக்குள் சுற்றுச்சுவர் முழுக்க விரிப்புகள் தொங்கின. அலுவலகப் பெயர்ப்பலகையே மறைந்து போனது. அப்போது வீட்டுக்காரர் வேகமாக வந்தார். கையைப் பிடித்து இழுத்துப் போகத்தான் வருகிறார் என்று நினைத்து அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவரோ மிச்சத் துணியைக் காயப்போட, கொண்டுவந்த கயிற்றை முற்றத்தில் நின்ற இரண்டு அலுவலக ஜீப்புகளுக்கு நடுவில் இழுத்துக் கட்டினார். பின்னாலேயே சலூன்காரர் வந்தார், தெருவில் பாதிப் பேர் வந்தார்கள்.

ஜீப்பை எடுக்க வழியில்லை. சாயங்காலம் பொறியாளர் மறுபடியும் இறங்கி வந்தார்.

“சரிம்மா. உங்க குழாயை ரோட்டு வேலைச் செலவுலயே சேர்த்துடுறோம்.”

“என் குழாய் மட்டும் இல்ல சார். தெருவுக்கே. எழுதிக் குடுங்க.”

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு எழுதிக் கொடுத்தார்.

குழாய் நகர்ந்தது, தண்ணீரும் வந்தது. தாமதமானதால் விடுதிக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். அக்கா அதற்காக வருத்தப்பட்டாள், தான் செய்ததற்காக அல்ல. சலூன்காரர் கட்டிய பணம் இன்னும் திரும்பி வரவில்லை. அதைக் கேட்க அவர் போகும்போதெல்லாம் அக்காவும் கூடவே போகிறாள்.