பாதைக்குப் போக வேணும்

பக்கவாதம் வந்தபின் சின்னராசருடைய வாயில் மிஞ்சியது கொஞ்சச் சொற்கள்தான். அதில் ஒன்றை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாதை... பாதைக்கு."

மகள் ரதி என்ன செய்வாள், பாவம்? வெள்ளவத்தைத் தொடர்மாடியில் அடைந்து கிடக்கிற மனுஷன், தெருவைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தாள். லிஃப்டில் இறக்கி, சக்கர நாற்காலியைச் சனம் நெரியும் காலி வீதியோரம் நிறுத்தினாள். பஸ்களைப் பார்த்தார், இல்லையென்று தலையை ஆட்டினார். கடற்கரைப் பக்கம் தள்ளிப்போனாள். அங்கேயும் அதே தலையாட்டல்தான். "இவ்வளவு ரோட்டைக் காட்டியும் காணாதோ, அப்பா?" என்று ஒருநாள் சினந்துவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதாள்.

ஞாயிறன்று கொட்டாஞ்சேனையிலிருந்து பேர்ணடெற் அன்ரி வருத்தம் பார்க்க வந்தாள். முந்தி கிராண்ட்பாஸ் ஆற்றங்கரையில் சின்னராசரின் வெங்காயக் கடைக்கு அடுத்த வீட்டுக்காரி. அவர் முனகியதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"அடி மண்டு! கொழும்பில பிறந்த உனக்கு எங்க விளங்கப் போகுது? கொப்பர் காரைநகர் ஆள். அவையளுக்குப் பாதை எண்டால் ரோட்டே? ஆக்களையும் சாமானையும் அக்கரைக்கு ஏத்திற தட்டு வள்ளமடி. நாங்கள் வள்ளம் எண்டுறதை அவர் பாதை எண்டுவார். கொம்மா உயிரோட இருக்கேக்க, பின்னேரம் கடையைச் சாத்திப்போட்டு ரெண்டு பேரும் கடையடித் துறையில அதில ஏறி அக்கரைக்குப் போய் வருவினம். சும்மா, காத்து வாங்க! நாங்கள் எவ்வளவு நக்கலடிச்சிருப்பம்."

ரதிக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே வான் ஒன்று பிடித்து, அப்பாவை ஏற்றிக்கொண்டு அந்த ஆற்றங்கரைக்குப் போனாள். கடை இருந்த இடத்தில் கொன்டெய்னர்கள் அடுக்கிக் கிடந்தன. காவற்காரனை "மல்லி, மல்லி" என்று தம்பி முறை சொல்லிச் சிங்களத்தில் கெஞ்சினாள். அவன் கிழவரைப் பார்த்தான். கேற்றைத் திறந்துவிட்டான்.

களனி ஆறு மண்ணிறமாய் ஓடிக்கொண்டிருந்தது. வள்ளமுமில்லை, அதைக் கட்டிய கட்டையுமில்லை. சற்றுத் தள்ளிப் பாலத்தில் லொறிகள் இரைந்தன. ஆனாலும் தண்ணீரைக் கண்டதும் சின்னராசரின் முகம் இளகியது.

"பாதை?"

ரதி நாற்காலியைப் பிடித்தபடியே அவர் காதருகே சொன்னாள். "அக்கரையில நிக்குது, அப்பா. இப்ப வரும்."

அவர் அசையக்கூடிய கையால் அவளுடைய கையை நாற்காலியிலிருந்து மெல்ல விலக்கினார்.

"நீ... வீட்டை போ, பிள்ளை. அம்மா... வருவா."

ரதி நாற்காலியின் பிரேக்கைக் குனிந்து பார்த்தாள். பிறகு, சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவள்போல், கொன்டெய்னர் ஒன்றின் மறைவில் போய் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவின் முதுகையே பார்த்திருந்தாள். அவர் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை.