பால் சுரந்த மத்தியானம்

பிள்ளை பெற்று நாற்பது நாள் கழியாத உடம்புக்குப் பகலும் இரவும் ஒரே நிறமாக இருந்தன. சபீதா கண்ணைத் திறந்தால் ஜன்னலில் லேடாங் மலை மழைப்புகையில் மிதந்தது, மூடினாலும் மிதந்தது. நேற்று இப்படியொரு அரைத்தூக்கத்தில்தான் வீட்டுவேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் பிரேமலாவுக்குப் போனில் குரல்செய்தி அனுப்பியிருந்தாள்: "சரிக்கா, அந்தப் பொண்ண அனுப்புங்க."

இப்போது பிரேமலா கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் வெறுங்காலோடு நின்றாள் யுலி. இந்தோனேசியாவில் ஏதோ ஒரு தீவிலிருந்து மலேசியாவுக்கு வந்தவள்.

"கெட்டிக்காரி, தங்கச்சி. ஆறு மாசத்துக்குச் சம்பளம் கெடையாது. லீவும் கேக்க மாட்டா." பிரேமலா ஒரு பாஸ்போர்ட்டைச் சபீதாவின் கையில் வைத்தாள். "இத நகையோட பீரோவுல பூட்டிருங்க. எல்லா வீட்லயும் அப்படித்தான். ஓடிட்டா என் பொறுப்பு இல்ல லா."

எல்லா வீட்டிலும் அப்படித்தான். சபீதா அதை எத்தனையோ விருந்துகளில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள். பாஸ்போர்ட் இளஞ்சூடாக இருந்தது. பீரோ இரண்டடி தள்ளி. பூட்டிவிட்டால் தூங்கலாம். தூக்கம் அவளுக்குள் ஆழமான குளம்போல் காத்திருந்தது.

தொட்டிலில் பிள்ளை அழுதது.

சபீதாவின் மார்பு கசிந்தது. அதே கணத்தில் யுலியின் சட்டையிலும் இரண்டு ஈர வட்டங்கள் மெல்ல விரிந்தன. யுலி கைகளைக் குறுக்கே கட்டிக்கொண்டு தலை குனிந்தாள்.

"உனக்குப் பிள்ளை இருக்கா?" சபீதா மலாயில் கேட்டாள்.

"மூணு மாசம். பையன்."

"பிறகு ஏன் வந்த?"

"பிஸ்கட் ஃபேக்டரி, பிள்ளையையும் கூட்டிக்கலாம்னு சொன்னாங்க. திரும்பிப் போறேன்னு அழுதேன். பாஸ்போர்ட்டப் பிடுங்கிக்கிட்டாங்க."

பிரேமலா சிரித்தாள். "அதான் சொன்னேன்ல, பிள்ளை பாக்கத் தெரியும்னு!"

சபீதா பிள்ளையை எடுத்து மார்போடு சேர்த்தாள். அந்தத் தீவிலும் இப்போது மழை பெய்யுமோ? ஈரமான ஒரு கயிறு தன் தலையணையிலிருந்து கிளம்பி, கடலைத் தாண்டி, ஏதோ ஒரு தொட்டிலில் முடிவதுபோல் இருந்தது. கண்ணை மூடியபடியே அதை இழுத்தவள் தான்தான்.

"எனக்கு வேணாம்க்கா."

"வேணாமா? அப்ப பாஸ்போர்ட்டக் கொடுங்க. காஹாங்ல உங்க நாத்தனார் ஃபரீஹா காத்துக்கிட்டு இருக்காங்க."

சபீதா பாஸ்போர்ட்டைத் தொடையடியில் வைத்துக்கொண்டு ஃபரீஹாவை அழைத்தாள்.

"மதினி! ஆளு புடிக்கலயா? இங்க தள்ளிவிடுங்க. துணி மலையா கெடக்கு."

"ஃபரீஹா, இவ பால்குடிப் பிள்ளைய விட்டுட்டு நிக்கிறா. ஏமாத்திக் கொண்டாந்திருக்காங்க."

"அலமாக்! நான் வேலைக்கு ஆள்தானே கேட்டேன்?"

"நானும் அப்படித்தான் கேட்டேன். இவ்வளவு சல்லிசா எப்படி வருதுன்னு நாம கேக்கவே இல்ல."

மறுமுனையில் ஃபரீஹா சலவை இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"உங்க புண்ணியத்துக்கு நான் துணி துவைக்கணும். அந்தம்மா பக்கத்துல இருக்கா? ஸ்பீக்கர்ல போடுங்க." ஃபரீஹாவின் குரல் அறையில் நிறைந்தது. "பிரேமலாக்கா, எனக்கும் வேணாம். எங்காளுங்க யாருக்கும் வேணாம். ஒவ்வொரு வீட்டுக்கும் நானே சொல்றேன்."

பிரேமலா கையை நீட்டியபடி நின்றாள். "இவள எடுத்துக்க உலகத்துல வேற வீடே இல்லயா?"

"இருக்கும்," என்றாள் சபீதா. "இவ போகமாட்டா."

எழுந்தாள். பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். பாஸ்போர்ட்டை யுலியின் கையில் வைத்து அவள் விரல்களை மூடினாள். பிறகு கணவன் பைரோஸை அழைத்தாள். "துணிக்கடையச் சாத்திட்டு வாங்க. ஜொகூர் பாருவுல இந்தோனேசியத் துணைத்தூதரகத்துக்குப் போகணும். இந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணும்."

வெளியே பிரேமலாவின் கார் கிளம்பியது. யுலி கைப்பேசியைக் கண்ணால் கேட்டாள். சபீதா கொடுத்தாள்.

யுலி ஊரிலுள்ள தன் வீட்டு எண்ணை அழுத்தினாள். யாரோ எடுத்தார்கள். "ஹலோ... ஹலோ..." என்று ஒரு பெண்குரல் தூரத்திலிருந்து திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. யுலி கைப்பேசியைக் காதோடு அழுத்தி, அந்தக் குரலுக்குப் பின்னால் சிணுங்கிய இன்னொரு சின்னக் குரலைக் கேட்டபடி நின்றாள்.