பீப்பாய்க் கள்ளியின் வெயில் முகம்

செடி நர்சரியில் சேர்ந்து எட்டு மாதமாகியும் எல்லோரும் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிட்டார்கள். அது பழகிவிட்டது. பழகாதது மேஸ்திரியின் பொய்.

அலுவலகக் கட்டட வாசலில் மூன்று வாரத்துக்கு முன் நட்ட பன்னிரண்டு பீப்பாய்க் கள்ளிகளும் தெருவைப் பார்த்த பக்கம் வெளுத்துக் கிடந்தன. பார்க்க வந்த நர்சரி முதலாளியம்மாவின் முகம் இறுகியிருந்தது.

"தண்ணி ஊத்துனது யாரு?"

"வேற யாரு, புதுசுதான்" என்றார் மேஸ்திரி. "கீரைக்கு ஊத்துற மாதிரி ஊத்தி அழுக வெச்சிருக்கு. ஊருக்கு அனுப்பிடுங்கன்னு அப்பவே சொன்னேன்."

வேலை போனால் விசாவும் போகும். அந்தப் பயத்தையும் மிஞ்சிக்கொண்டு அவளுக்குக் கோபம் வந்தது.

"அழுகலம்மா. தொட்டுப் பாருங்க."

மழைக்கு உப்பவும் வறட்சிக்குச் சுருங்கவும் விசிறிபோல் மடிந்த உடம்பு கள்ளிக்கு. முதலாளியம்மா முள்ளுக்குத் தப்பி ஒரு மடிப்பில் விரல் வைத்தார். அட்டைபோல் கெட்டியாக இருந்தது.

"அழுகினா கொழகொழன்னு உள்ள போகும். இது வெயில்ல வெந்தது."

"கள்ளி வெயில்ல வேகுதாம்" என்று மேஸ்திரி சிரித்தார். "மீனு தண்ணியில முழுகிச் செத்துச்சுன்னும் சொல்லுவா."

"இருபது வருஷம் பழைய இடத்துல ஒரே திசையில நின்ன செடிம்மா. வெயில் பட்ட பக்கம் தோல் தடிச்சிருக்கும். நிழல் பக்கம் இளசு, வெயில் பட்டா வெந்துடும். மாறிடக் கூடாதுன்னுதான் தோண்டுறதுக்கு முன்னாடி வெயில் பக்கம் சாக்பீஸ்ல கோடு போட்டேன். இவரு அசிங்கமா இருக்குன்னு பைப் பிடிச்சுக் கழுவிட்டாரு."

"எந்தக் கோடு? நான் பாக்கவே இல்ல."

அவள் ஒரு கள்ளியின் உச்சியைக் காட்டினாள்.

"கோடு போனாப் போகட்டும். தலையப் பாருங்கம்மா. இது வெயில் பக்கமா சாஞ்சுதான் வளரும்."

முதலாளியம்மா பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார். பன்னிரண்டு தலையும் வெயிலே விழாத சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தன.

"யாரு திருப்பினது?"

மேஸ்திரி பிடரியைச் சொறிந்தார். "பச்சையா இருந்த நல்ல பக்கம் ரோட்டுக்குத் தெரியட்டும்னு..."

"சரி, திரும்பப் பிடுங்கித் திருப்பி வைங்க."

"இப்பத்தான் வேர் பிடிக்குதும்மா, அசைச்சா செத்துடும். வெந்த இடம் இனிமே பச்சையாகாது. மிச்சத்தையாவது காப்பாத்த மேல நிழல்வலை கட்டணும்."

"அப்ப நீயே கட்டிடு."

"நான் கட்ட மாட்டேன். அவரு கட்டட்டும்."

முதலாளியம்மா வண்டியிலிருந்த வலைச்சுருளை எடுத்து மேஸ்திரியின் கையில் திணித்தார்.

வலையைக் கட்டும்போது முதல் கொக்கிமுள் விரலில் ஏறியதும் மேஸ்திரி கையை உதறினார். அவளுக்குப் பாவமாகவே இல்லை. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, ஒவ்வொரு கள்ளியும் சாய்ந்த பக்கத்தில் அழுத்தி அழுத்திக் கோடு போட்டாள்.

"இதையும் கழுவுங்க பாப்போம், அண்ணே."