முகம் திருப்பிய தூண்டில்காரன்

பெரினுக்கு ஓவியர் பெஞ்சில் ஓர் இடம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பெரிய மனிதர்களுக்கெல்லாம் சீனப் பீங்கான் பைத்தியம் தலைக்கேறிய காலம் அது. ஜாடி சுடும் நெவேர் ஊர்ச் சூளைகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் அவள் வேலை செய்த பட்டறையில் பெண்கள் ஜாடியை வெள்ளீயப் பூச்சில் முக்கலாம், சுமக்கலாம், தூரிகையைத் தொடக்கூடாது. ஓர் ஓவியன் காய்ச்சலில் படுத்ததால், வேறு வழியில்லாமல் மேஸ்திரி ஜில்பேர் அவளிடம் ஒரு ஜாடியைக் கொடுத்துத் தொலைத்தார்.

மாதிரிக்கு வைத்திருந்த சீனப் பீங்கானில் ஒரு கிழவன் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். அவன் உருவத்தை ஊசியால் குத்திய தாளை ஜாடிமேல் வைத்துக் கரித்தூள் பையால் தட்டினால், புள்ளிபுள்ளியாக விழும். அதன்மேல் நீலம் தீட்ட வேண்டும். ஜோடியில் முதல் ஜாடியை ஜில்பேரே முடித்திருந்தார். அடுத்ததைப் பெரின் தீட்டினாள். நிமிர்ந்து பார்த்தபோதுதான் தவறு தெரிந்தது. தாளைப் புரட்டி வைத்துவிட்டாள். கிழவன் எதிர்ப்பக்கம் பார்த்தான்.

"சீனாக்காரன் கோவிச்சுக்கிட்டான்டா" என்றது பெஞ்சு.

ஜில்பேர் ஈரப் பஞ்சை எடுத்தார். "கழுவிட்டுப் பூச்சுத் தொட்டிக்கே போ."

பெரின் ஜாடிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"இல்ல மேஸ்திரி, தப்புதான். ஆனா கழுவ விடமாட்டேன். ஜோடி ஜாடி, கணப்பு அடுப்பு மேடை மேல ரெண்டு ஓரத்துல நிக்கும். ரெண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்தா, ஒருத்தன் செவத்துலல்ல மீன் பிடிப்பான்?"

"வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. சுட்டுப் பாக்கலாம். வாங்குறவங்க சிரிச்சா நீ தொட்டிக்குத்தான்."

"சரி."

சூளை ஆறும்வரை பெரின் அதன் வாசலை விட்டு நகரவில்லை. வெளியே எடுத்தபோது, மங்கிக் கிடந்த நீலம் பளிச்சென்று எழுந்திருந்தது. ஜாடி கேட்டிருந்த மாளிகையின் காரியக்காரர் இரண்டையும் மேசையின் இரு ஓரத்தில் வைத்துப் பார்த்தார். கிழவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே குளத்தில் தூண்டில் போட்டார்கள்.

அவர் அலமாரியில் இருந்த பழைய ஜோடிகளைப் பார்த்தார். "அங்கெல்லாம் ஏன் ஒருத்தன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருக்கான்? எனக்கு எல்லாமே இதே மாதிரி வேணும்."

ஜில்பேர் சொல்லட்டும் என்று பெரின் காத்திருக்கவில்லை. ஓவியர் பெஞ்சில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, ஊசித்தாளைக் கையில் எடுத்தாள்.

"எந்தப் பக்கம் வெக்கட்டும், மேஸ்திரி?"